தச்சுப்பட்டறையில் தொடங்கிய இறுதி வீடு



மகள் வீட்டுக்கு, ஒஹாயோ மாநிலத்துக்கு, வந்து நான்கு மாதம் ஆகிறது. ஊர் மிகச் சின்னது. காலை நடைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வெள்ளை வீடு. தூண் வைத்த முகப்பு, வாசலில் பூச்செடிகள். யாரோ பெரிய பணக்காரர் வீடு என்று நினைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி தவறிப்போனார். துக்கம் விசாரிக்க மகள் என்னை அழைத்துப்போனது அந்த வீட்டுக்குத்தான்!

இங்கே அதை 'ஃபியூனரல் ஹோம்' என்கிறார்கள். இறந்தவரை அங்கேதான் வைக்கிறார்கள். ஊரார் அங்கே வந்துதான் பார்க்கிறார்கள். நடத்துபவர் அந்தக் குடும்பத்தில் நான்காம் தலைமுறையாம். கோட்டு அணிந்து வாசலில் நின்றவர் என் கையைப் பிடித்து, "பாட்டி என் டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது.

ஓய்வு பெற்றாலும் பழக்கம் விடுமா? ஊர் நூலகத்தில் உட்கார்ந்து இந்தத் தொழிலின் கதையைப் படித்தேன். வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கும் சாவு வீட்டில்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உடலைக் குளிப்பாட்டுவார்கள். முன்னறையில் கிடத்துவார்கள். ஊர்த் தச்சர் அளவெடுத்துப் பெட்டி செய்வார். கட்டில், மேசை செய்கிறவர்தான் சவப்பெட்டியும் செய்தார். அதனால் பல ஊர்களில் மரச்சாமான் கடையும் இறுதிச்சடங்கு வேலையும் ஒரே பெயர்ப்பலகையில் இருந்தன. சில ஊர்களில் குதிரை லாயம் வைத்திருந்தவர் வண்டி கொடுத்து இந்தத் தொழிலுக்கு வந்தார்.

இதை மாற்றியது உள்நாட்டுப் போர் (1861-65). 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். எங்கோ தூரத்தில் விழுந்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வசதியுள்ள குடும்பங்கள் துடித்தன. இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தி உடலைக் கெடாமல் வைக்கும் முறை அப்போதுதான் பரவியது. 1865 ஏப்ரல் 15-இல் ஆபிரகாம் லிங்கன் இறந்தார். அவர் உடலை அப்படிப் பதப்படுத்தி, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஏறத்தாழ 1,650 மைல் ரயிலில் கொண்டுபோனார்கள். வழியில் ஒஹாயோவின் கிளீவ்லாந்திலும் கொலம்பஸிலும் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மே 4-இல்தான் அடக்கம்.

அதன்பின் இது படித்துச் செய்யும் தொழிலானது. 1882-இல் தேசிய அளவில் சங்கம் வைத்தார்கள். அதே ஆண்டு சின்சினாட்டியில் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. பிறகு வீடுகள் சுருங்கின, சாவு மருத்துவமனைக்குப் போனது. இறந்தவரைக் கிடத்திய முன்னறை இவர்களின் பெரிய வீட்டுக்கு இடம் மாறியது. பல இடங்களில் கீழே துக்கம் நடக்கும், மாடியில் குடும்பம் குடியிருக்கும்.

இன்னொரு செய்தி கேட்டால் வியப்பீர்கள். அந்நாளில் சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதும் இவர்கள்தான்! ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி வேறு யாரிடமும் கிடையாது. 1966-இல் வந்த ஓர் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் பாதியை இத்தொழில் செய்யும் 12,000 பேர் நடத்துவதாகச் சொல்கிறது.

இங்கும் எல்லாம் சமம் என்று நினைக்க வேண்டாம். சாவிலும் நிறம் பார்த்த நாடு இது. கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனி இல்லங்களை நடத்தினார்கள். வெள்ளையர் தரும் வருமானத்தை நம்பி இராததால், அவர்களில் பலர் உரிமைப் போராட்டத்துக்குப் பணமும் வண்டியும் தந்து துணிந்து நின்றார்கள்.

குறைகளும் உண்டு. அழுதுகொண்டிருப்பவரிடம் விலை உயர்ந்த பெட்டியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று 1963-இல் ஜெசிக்கா மிட்ஃபோர்டு என்ற பெண்மணி ஒரு புத்தகம் எழுதினார். நாடே பேசியது. 1984 முதல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதிய தாளைக் கையில் தர வேண்டும் என்பது சட்டம். தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

1962-இல் ஹூஸ்டனில் தொடங்கிய ஒரு நிறுவனம் இப்படிப்பட்ட குடும்ப இல்லங்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. ஆனால் வாசலில் பழைய குடும்பப் பெயரை எடுக்கவில்லை. அந்தப் பெயருக்குத்தான் மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். தகனமும் பெருகிவிட்டது. 1970-இல் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இன்று பாதிக்கும் மேல். அதில் பெட்டி விற்பனையும் வருமானமும் குறைவு. சின்ன இல்லங்கள் திணறுகின்றன.

தகனம் என்றதும் நம்மூர்த் தொடர்பு ஒன்று. இந்நாட்டின் முதல் நவீன தகனக்கூடம் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், வாஷிங்டன் என்ற சிற்றூரில் லெமாய்ன் என்ற மருத்துவர் கட்டியது. 1876 டிசம்பர் 6-இல் அங்கே நடந்த முதல் தகனத்துக்கு ஏற்பாடு செய்தவர் கர்னல் ஆல்காட். ஆம், பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்த அதே ஆல்காட்! 1894-இல் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1907-இல் அடையாற்றிலேயே இறந்தார். அவரையும் அங்கே தகனம்தான் செய்தார்கள்.

அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் வகுப்பில் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். அவன் அப்பாவுக்குச் சுடுகாட்டில் வேலை. பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று நாலைந்து பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். நான் அவனை எழுப்பித் தனியாகக் கடைசியில் உட்கார வைத்தேன். சண்டை தீர்ந்தது என்று நிம்மதிப்பட்டேன். யார் எழுந்து போயிருக்க வேண்டும் என்று அன்று யோசிக்கவே இல்லை.

அந்தப் பையன் இன்று நம் ஊரில் ஐஸ் பெட்டியும் அமரர் ஊர்தியும் வாடகைக்கு விடுகிறார். சார் போன இரவு, இரண்டு மணிக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான். எங்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. எதற்கு எவ்வளவு என்று கேட்காமலே தாளில் எழுதித் தந்தார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கவில்லை. "உட்காருப்பா" என்றேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று விடியும்வரை வாசலிலேயே நின்றார்.

ஒரே வேலைதான். இங்கே அதைச் செய்பவருடன் ஊரே கைகுலுக்குகிறது. நம் ஊரில் அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. அவரை அப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் பெயரை எழுதவில்லை. படித்தால் அவருக்குத் தெரியும். தம்பி, அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவேன். ஒரு வாய் சாப்பாடு போடு. எனக்குப் பக்கத்தில் நீயும் உட்கார வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்