ஒரு லட்சம் மார்க்கின் வட்டி

பரிசுப் பணத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததால் கணிதம் வளர்ந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் அப்படித்தான் நடந்தது.

பால் வொல்ஃப்ஸ்கேல் என்று ஒருவர். டார்ம்ஸ்டாட் ஊரின் வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. மருத்துவம் படித்துவிட்டு, நோய்வாய்ப்பட்டதால் கணிதத்தின் பக்கம் வந்தவர். 1906-ல் இறக்கும்போது, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் மார்க் என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். (காதல் தோல்வியில் சாகப் போனவரை இந்தத் தேற்றம்தான் காப்பாற்றியது என்று ஒரு கதை சுற்றுகிறது. சினிமாவுக்கு நன்றாக இருக்கும், ஆதாரம்தான் இல்லை.) கோட்டிங்கன் அறிவியல் கழகம் 1908-ல் போட்டியை அறிவித்தது. கெடு 2007 செப்டம்பர் 13. முதல் வருடத்திலேயே 621 'நிரூபணங்கள்' வந்து குவிந்தன. எல்லாமே தப்பு.

சரி, பரிசு வாங்க ஆள் இல்லை. பணம் சும்மா கிடக்கிறது. வட்டி மட்டும் வருகிறதே, அதை என்ன செய்வது? பரிசுக் குழுவில் இருந்த டேவிட் ஹில்பர்ட்டும் மற்றவர்களும் ஒரு வழி கண்டார்கள். அசலில் கை வைக்காமல், வட்டியில் வெளிநாட்டு மேதைகளை வரவழைத்துப் பேச வைப்பது. அறக்கட்டளைக் கணக்கு எழுதிய பி.காம். மாணவர்களுக்கு இது பழகின விஷயம்தான். ஆனால் இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஐம்பது இளைஞர்களைப் பாரிசுக்கு அனுப்ப ஐம்பது டிக்கெட் வேண்டும். பாரிசிலிருந்து ஒருவரைக் கூட்டி வர ஒரே டிக்கெட் போதும். 1909-ல் பாரிசிலிருந்து புவான்காரே வந்தார். ஃபெர்மா தேற்றத்தை நீங்களே நிரூபித்தால் என்ன என்று கேட்டவர்களிடம், பொன்முட்டை இடும் வாத்தை நான் ஏன் கொல்ல வேண்டும் என்று ஹில்பர்ட் சிரித்ததாகச் சொல்வார்கள்.

1910 அக்டோபர் கடைசியில் வந்தவர் ஹாலந்தின் லோரன்ட்ஸ், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கியவர். ஆறு சொற்பொழிவுகள். நாலாவதில் கணிதக்காரர்களைப் பார்த்து ஒரு கேள்வியை வீசினார். கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு பெட்டிக்குள் ஒளி அலைகள் அதிர்கின்றன. அதிர்வெண் உயர உயர, அத்தனை அதிர்வுகளின் எண்ணிக்கையும் பெட்டியின் கன அளவை மட்டும்தான் பொறுத்ததா, வடிவத்தைப் பொறுத்தது இல்லையா? மேளத்தில் வைத்துச் சொன்னால், தோல் வட்டமோ சதுரமோ, பரப்பு ஒன்றாக இருந்தால் மிக உயர்ந்த ஒரு சுருதி வரைக்கும் எழும்பும் ஸ்வரங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்குமா? இயற்பியல்காரர்கள் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிரூபணம்தான் இல்லை.

இது என் வாழ்நாளில் தீராது என்று ஹில்பர்ட் சொன்னாராம்.

அப்போது கோட்டிங்கனில் ஹெர்மன் வைல் என்ற 24 வயதுப் பையன் 'பிரிவாட்டோட்சென்ட்' ஆக இருந்தார். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பாடம் நடத்தலாம், ஆனால் பல்கலைக்கழகச் சம்பளம் கிடையாது. மாணவர்கள் கட்டும் கட்டணம்தான் வரும்படி. சொந்தக் காசில் ஹாலந்து போய் லோரன்ட்ஸைக் கேட்டிருக்கக்கூடிய நிலைமை இல்லை. லோரன்ட்ஸ் அவர் ஊருக்கே வந்தார். 1911 பிப்ரவரியில், அதாவது நாலே மாதத்தில், வைல் நிரூபித்துவிட்டார். அதுவும் ஹில்பர்ட்டின் தொகையீட்டுச் சமன்பாட்டு முறையை வைத்தே! வடிவத்துக்கும் அதிர்வுக்கும் உள்ள உறவைப் படிக்கும் துறைக்கு 'வைல் விதி' என்ற அந்தத் தேற்றம்தான் இன்றும் அஸ்திவாரம்.

1922 ஜூனில் அதே வட்டிப் பணத்தில் நீல்ஸ் போர் வந்தார். ம்யூனிக்கில் படித்துக்கொண்டிருந்த 20 வயது ஹைசன்பர்க்குக்குப் போக ஆசை, ரயில் கட்டணத்துக்கு வழியில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்த பேராசிரியர் சோமர்ஃபெல்ட், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அரங்கில் அந்தப் பையன் எழுந்து போரையே மறுத்துப் பேசினான். கூட்டம் முடிந்ததும் போர் அவனைத் தனியாக அழைத்துக்கொண்டு ஹைன்பெர்க் குன்றில் நடந்தார். அந்த நடையிலிருந்துதான் தன் விஞ்ஞான வாழ்க்கை ஆரம்பித்தது என்று ஹைசன்பர்க் பிற்பாடு எழுதினார். ஒரு ரயில் டிக்கெட்!

அடுத்த வருடமே பணவீக்கம் எல்லாவற்றையும் தின்றது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். நிலமாகவோ தங்கமாகவோ இல்லாமல் பத்திரத்தில் கிடந்த அறக்கட்டளைகள் ஜெர்மனி முழுக்கக் காகிதமாகிப் போயின. வொல்ஃப்ஸ்கேல் நிதியும் தப்பவில்லை. பெயருக்குக் கொஞ்சம் மிஞ்சி, மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்தது.

லோரன்ட்ஸின் கேள்வியை 1966-ல் மார்க் காட்ஸ் திருப்பிப் போட்டார்: சத்தத்தைக் கேட்டே மேளத்தின் வடிவத்தைச் சொல்ல முடியுமா? 1992-ல் கோர்டன், வெப், வோல்பெர்ட் மூவரும் வேறு வேறு வடிவத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மேளங்களைக் காட்டி, முடியாது என்றார்கள்.

ஃபெர்மா தேற்றத்தையும் ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்தார். 1997 ஜூன் 27-ம் தேதி கோட்டிங்கனில் பரிசை வாங்கிக்கொண்டார். கெடு முடியப் பத்து வருடம் பாக்கி இருந்தது. கைக்கு வந்த தொகை சுமார் 75,000 மார்க்.