கடன் தீர்ந்த பின்னரே பங்கு
ஸுபைர் (ரலி) அவர்களின் சொத்தும் நான்கு ஹஜ் காலங்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஒரு மனிதரின் மூச்சு அடங்கிய கணமே அவர் சேர்த்து வைத்த பொருளில் பிறருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் உரிமை பிறக்கும் நாளும் பங்கு கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் மார்க்கம் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து மய்யித்தின் கடன்கள். அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத். இம்மூன்றும் போக மிஞ்சுவதுதான் மீராஸ். வாரிசுரிமையை விளக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் வசனங்களில், கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே என்ற நிபந்தனையை அல்லாஹ் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறான்.

இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் சோதிக்கப்படுகின்றன. சிலர் கடனைப் பாராமல் அவசரப்பட்டுப் பங்கிடுகிறார்கள். சிலர் பங்கிடாமலேயே இருபது ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். இவ்விரு நோய்களுக்கும் நம் வரலாற்றில் மருந்து இருக்கிறது.

உஹதுக்குப் பின் வந்த முறையீடு

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய பொருள் முழுவதையும் அவர்களின் சகோதரர் எடுத்துக்கொண்டார். அறியாமைக் காலத்து வழக்கம் அதுதான். போர்க்களத்தில் வாள் ஏந்தும் ஆணுக்கே சொத்து. பெண்ணுக்கும் சிறுவருக்கும் ஒன்றுமில்லை. ஸஅதின் மனைவி தம் இரு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கையில் பொருள் இல்லாமல் இவர்களுக்கு எப்படித் திருமணம் நடக்கும் என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று கூறி நபியவர்கள் காத்திருந்தார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது.

உடனே அந்தச் சகோதரர் அழைக்கப்பட்டார். இரு புதல்வியருக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மிஞ்சியது சகோதரருக்கு எனத் தீர்ப்பாயிற்று. சொத்தை 24 பங்காக்கினால் புதல்வியருக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. முழுவதையும் வாரிச் சென்றவருக்கும் அவருக்குரியது மறுக்கப்படவில்லை. ஆனால் அவர் முதலில் இருந்தவர் அல்லர். கடைசியில் மிஞ்சியதைப் பெற்றவர்.

ஸுபைரின் வஸீ

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு (கி.பி. 656) நடந்த ஜமல் போரின் நாள். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவரான ஸுபைர் பின் அல்அவ்வாம் (ரலி) அவர்கள், தாம் கொல்லப்படக்கூடும் என உணர்ந்து மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார்கள். அப்போது அவர்களை வாட்டிய பெருங்கவலை தம் கடன்தான். சொத்துகளை விற்றுக் கடனை அடைக்கும்படியும், மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்தாகச் செலவிடும்படியும் மகனை வஸீயாக நியமித்தார்கள். கடனை அடைக்க முடியாமல் திணறினால் என் எஜமானனிடம் உதவி கேள் என்றார்கள். உங்கள் எஜமானன் யார் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் விரிவாகப் பதிவாகியுள்ளது.

ஸுபைர் (ரலி) அவர்கள் ரொக்கமாக ஒரு தீனாரையோ திர்ஹமையோ விட்டுச் செல்லவில்லை. நிலங்களும், மதீனாவில் 11 வீடுகளும், பஸராவில் 2, கூஃபாவில் 1, எகிப்தில் 1 வீடும் இருந்தன. கடனோ 22 இலட்சம். வீண் செலவால் வந்த கடன் அல்ல அது. மக்கள் அவர்களிடம் அமானிதமாகப் பணம் கொடுத்து வைக்க வருவார்கள். அமானிதமாக வேண்டாம், அது தொலைந்துவிடுமோ என அஞ்சுகிறேன். கடனாகத் தாருங்கள் என்பார்கள் அவர்கள். அமானிதம் கவனக் குறைவின்றித் தொலைந்தால் பொறுப்பில்லை. கடனானால் எந்நிலையிலும் திருப்பித் தர வேண்டும். பிறர் பொருளின் பாதுகாப்பைத் தம் தோளில் ஏற்றதால் வந்த கடன் அது.

அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஸுபைர் 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கியிருந்த அல்காபா எனும் நிலம் 16 இலட்சத்துக்கு மதிப்பிடப்பட்டு, 16 பங்குகளாகப் பிரித்து விற்கப்பட்டது. கடன் கொடுத்தவர்கள் அனைவரும் அல்காபாவுக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. 4 இலட்சம் கொடுத்திருந்த அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களும் வந்து, நீங்கள் விரும்பினால் இதைத் தள்ளுபடி செய்கிறேன் என்றார்கள். வஸீ மறுத்தார். பிறகாவது கொடுங்கள் என்றார்கள். அதையும் மறுத்தார். அப்படியானால் நிலத்தில் ஒரு துண்டைத் தாருங்கள் என்றதும் அந்நிலத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டது.

கடன் முழுதும் தீர்ந்தது. இப்போது ஸுபைரின் மற்ற மக்கள் வந்தார்கள். எங்கள் பங்கைப் பிரித்துத் தாருங்கள் என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஆயினும் அப்துல்லாஹ் மறுத்துவிட்டார்கள். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் யாருக்கேனும் கடன் பாக்கி இருந்தால் வாருங்கள், தருகிறோம் என்று அறிவிப்புச் செய்தார்கள். முஸ்லிம் உலகம் முழுவதும் கூடும் இடத்தில் செய்யப்பட்ட அறிவிப்பு அது. நான்காம் ஆண்டும் முடிந்த பின்னரே சொத்து பங்கிடப்பட்டது. வஸிய்யத்துக்குரிய மூன்றில் ஒன்று ஒதுக்கப்பட்ட பிறகு, எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொண்ட நான்கு மனைவியரில் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது.

சகோதரர்களே! இந்த நான்காண்டுத் தாமதத்தைக் காட்டித் தம் இருபதாண்டுத் தாமதத்தை நியாயப்படுத்துவோர் உண்டு. அது தவறு. அப்துல்லாஹ்வின் தாமதத்துக்குக் காரணம் சொல்லப்பட்டது, காலவரை சொல்லப்பட்டது, எல்லாம் ஊரறிய நடந்தது. காரணமும் கெடுவும் கணக்கும் இல்லாத தாமதம் தாமதமல்ல, அபகரிப்பு.

நீதிமன்றம் வந்த வரலாறு

அப்துல்லாஹ் பின் ஸுபைர் செய்த பணியைத்தான் இன்று பல நாடுகளில் நீதிமன்றம் முன்னின்று மேற்பார்வை செய்கிறது. இறந்தவரின் உயில் உண்மையானதென நீதிமன்றம் முத்திரையிட்டு, அதை நிறைவேற்றும் அதிகாரத்தை வஸீக்கு வழங்குவதே புரோபேட். இங்கிலாந்தில் இந்த அதிகாரம் நெடுங்காலம் தேவாலய நீதிமன்றங்களிடம் இருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே அது அரசு நீதிமன்றத்துக்கு மாறியது.

அந்த முறை ஆங்கிலேயருடன் இந்நாட்டுக்கு வந்தது. 1865ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் முஸ்லிம்களையும் இந்துக்களையும் தொடவில்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டம் விரும்புவோர் புரோபேட் பெற வழி செய்தது. இவையெல்லாம் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒன்றாயின. அதன் 213ஆம் பிரிவு, சென்னை, மும்பை, வங்காளம் சார்ந்த குறிப்பிட்ட பகுதிகளில் இந்துக்களின் உயில்களுக்குப் புரோபேட்டைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம்களின் உயில்களுக்கு விலக்களித்தது. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

ஆக, முஸ்லிம் ஒருவரின் வஸிய்யத்துக்கு நீதிமன்றத்தின் முத்திரை ஒருநாளும் கட்டாயமாக இருந்ததில்லை. அப்படியானால் மேற்பார்வை செய்தவர் யார்? முன்பு காஜிகள் இருந்தனர். 1864ஆம் ஆண்டு அரசு காஜிகளை நியமிப்பதை நிறுத்தியது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் நம் சென்னை மாகாணத்துக்கென்றே வந்தது. காஜிகள் மீண்டும் நியமிக்கப்பட்டனர். ஆனால் அந்த நியமனம் நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தராது என்று அச்சட்டமே கூறிவிட்டது. நிக்காஹ் பதிவேடு காஜியின் கையில் இருந்தது. மய்யித்தின் கணக்கேடு எவர் கையிலும் இல்லை. அது குடும்பத்தாரின் இறையச்சத்தையே நம்பி விடப்பட்டது.

வயல் மனையான கதை

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், ஊர் வழக்கத்தை ஒதுக்கிவிட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே சட்டம் என்றது. ஆனால் விவசாய நிலத்துக்கு விலக்களித்தது. நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். 1949ஆம் ஆண்டு சென்னை மாகாணம் தன் திருத்தச் சட்டத்தால் அந்த விலக்கை அகற்றியது. எனவே தமிழகத்தில் வீட்டில் மகளுக்கு உள்ள பங்கு வயலிலும் உண்டு. நிலம் ஆண் பிள்ளைக்கு, நகை பெண் பிள்ளைக்கு என்ற பேச்சுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

இது நம் பகுதிக்கு மிகவும் தேவையான செய்தி. சிட்கோ தொழிற்பேட்டை அமைந்த காக்களூரிலும், சிப்காட் வளாகம் அமைந்த கும்மிடிப்பூண்டியிலும் ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுரடிக் கணக்கில் பேசப்படுகிறது. பாட்டனார் காலத்தில் பிரிக்காமல் விட்ட மேட்டு நிலம் பேரன் காலத்தில் கோடிக்கு விலை போகும்போதுதான் அத்தைமார்களின் நினைவு வருகிறது. அதுவும் கையொப்பம் வாங்குவதற்காக!

சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் நாமறிந்ததே. தந்தை உயிருடன் இருக்கையில், எனக்கு எதிர்காலப் பங்கு வேண்டாம் என எழுதிக் கொடுப்பது செல்லாது என்று 1918ஆம் ஆண்டு சட்ட ஏட்டில் பதிவான ஆசா பீவி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. பிறக்காத உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என்பதே அதன் கருத்து. தகுந்த பிரதிபலன் பெற்றுக்கொண்டு மற்றவர்களை நம்ப வைத்தவர் பின்னர் பங்கு கேட்க முடியாமல் போகலாம் என 1972இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தந்தையின் மறைவுக்குப் பின் ஒரு பெண் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால் அவளுக்குரிய தொகை எவ்வளவு என்று சொல்லாமல் வாங்கும் கையொப்பத்தில் மனமுவப்பு எங்கே இருக்கிறது? தள்ளுபடி செய்வதாக வலிய வந்து சொன்னவரிடமே நான்கு இலட்சத்தையும் ஒப்படைத்தவர் அப்துல்லாஹ் பின் ஸுபைர். நாமோ கேட்கத் தயங்கும் சகோதரியிடம் தள்ளுபடியைக் கேட்டு வாங்குகிறோம்.

செய்ய வேண்டியவை

ஜனாஸா அடங்கிய சில நாட்களிலேயே கணக்கு ஒன்று எழுதப்பட வேண்டும். மய்யித்துக்கு வர வேண்டியவை, அவர் தர வேண்டியவை, நிலம், வீடு, நகை, வங்கி இருப்பு அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். கொடுக்கப்படாத மஹரும் கடனே. அது மனைவியின் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்காது, அதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. கடன் கொடுத்தவர் இருந்தால் இன்ன தேதிக்குள் வரவும் என்று ஜுமுஆவில் அறிவியுங்கள். அல்காபாவிலும் ஹஜ்ஜிலும் ஒலித்த அதே அழைப்புதான் அது.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் எனச் சொல்லும். யாருக்கு எவ்வளவு எனச் சொல்லாது. பட்டாவில் அண்ணன் பெயர் ஏறியதால் தங்கையின் உரிமை அழியாது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர அதன் உரிமையாளர் அல்லர் என்று 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மய்யித்துக்கு வர வேண்டிய கடன் தொகைகளை வசூலிக்க நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்றிதழ் தேவைப்படலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது எல்லா வாரிசுகளின் பெயரையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 1 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்தை விட்டு இறந்தார். மனைவியின் மஹர் உட்படக் கடன் 4 இலட்சம், வஸிய்யத் ஏதுமில்லை. மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள் உள்ளனர். கடன் போக மிஞ்சிய 96 இலட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 12 இலட்சம், தாய்க்கு ஆறில் ஒன்றாக 16 இலட்சம். எஞ்சிய 68 இலட்சத்தில் மகனுக்கு 34, மகள்களுக்குத் தலா 17. கூட்டிப் பாருங்கள், கணக்கு முடிந்துவிடும். ஒரு பக்கத் தாளில் முடியும் இந்தக் கணக்குக்காகத்தான் அண்ணனும் தங்கையும் பெருநாளன்றும் முகம் பாராமல் இருக்கிறார்கள்.

அன்பிற்குரியவர்களே! வாரிசுரிமைச் சட்டங்களைக் கூறிய பின், இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று திருமறை முடிக்கிறது. வஸிய்யத்துக்கு நீதிமன்றத்தின் கட்டாயம் இல்லை என்பது நமக்குத் தரப்பட்ட சலுகையல்ல. நம் தோளில் வைக்கப்பட்ட அமானிதம். நீதிபதி கேட்காத கணக்கை ரப்புல் ஆலமீன் கேட்பான்.

யா அல்லாஹ்! எங்களில் மறைந்தவர்களின் கடன்களைத் தீர்க்க எங்களுக்கு வசதியையும் மனத்தையும் தருவாயாக! பெண்களின், அநாதைகளின் பங்கில் ஒரு பருக்கையும் எங்கள் வயிற்றில் சேராமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.