வெள்ளாற்றுக் கழிமுகமும் பரங்கிப்பேட்டை ஆய்வு மரபும்

1930களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் ஆர். கோபால ஐயரும் என்.கே. பணிக்கரும் சென்னையைச் சுற்றியுள்ள உவர்நீர் உயிரிகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினர். உப்பு ஏறி இறங்கும் நீரில் ஓர் உயிரி எப்படித் தாக்குப்பிடிக்கிறது, எப்போது இனம் பெருக்குகிறது என்பவை அவர்களுடைய கேள்விகள். பணிக்கர் பின்னாளில் மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமையேற்றார். 1966இல் தோன்றிய தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. அவர் ஆழ்கடல் நோக்கிப் போனாலும், உவர்நீர்க் கேள்விகள் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் கையில் வளர்ந்த இடம் பரங்கிப்பேட்டை.

அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா 1950களில் அங்கே கடல் உயிரியல் நிலையத்தை உருவாக்கினார். 1963இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. மண்டப நிலையம் அரசின் மீன்வளத் தேவைக்காக எழுந்தது. நாட்டின் மீன்பிடிப்பைக் கணக்கிடும் பொறுப்பு அதற்கு இருந்தது. பரங்கிப்பேட்டையில் ஆய்வுப் பொருளை வகுத்தது வாசலில் ஓடிய வெள்ளாறு. படகில் ஏறினால் சிறிது நேரத்தில் முகத்துவாரம். எடுத்த நீர் கெடுமுன் ஆய்வகம் திரும்பலாம். மாதந்தவறாமல் ஒரே இடத்தில் மாதிரி எடுக்கும் பழக்கம் இந்த வசதியால்தான் வேரூன்றியது என்பது என் கருத்து.

அந்தப் பழக்கம் வெள்ளாற்றின் இயல்புக்குப் பொருந்தியது. கோடையில் கழிமுகத்தின் உப்பளவு கடல்நீரை எட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் இறங்கும்போது அது நன்னீர் அளவுக்குச் சரிந்துவிடும். மிதவை உயிரிகளின் கூட்டமே மாறிப்போகும். ஆகவே பரங்கிப்பேட்டை ஆய்வேடுகள் ஆண்டைப் பருவமழையை வைத்தே பிரித்தன: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், பிறகு மழைக்குப் பிந்தைய காலம், கோடை, மழைக்கு முந்தைய காலம். குளிர்நாடுகளின் நான்கு பருவங்களை இரவல் வாங்காமல் இந்தக் கரையின் நாட்காட்டியிலேயே உயிரிகளைப் படித்தது இந்த மரபின் பெருஞ்செயல் என்று சொல்வேன்.

அருகிலுள்ள பிச்சாவரம் இந்த மரபை அலையாத்திக் காட்டுக்குள் இட்டுச்சென்றது. அங்கே கண்டறியப்பட்ட ஒரு கலப்பினச் சுரபுன்னைக்குப் பல்கலைக்கழகத்தின் நினைவாக ரைசோபோரா அண்ணாமலையானா என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர் கே. கதிரேசன் பெயரிட்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அவரும் என். ராஜேந்திரனும் இக்கரையின் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். மறு ஆண்டே மறுப்பு வந்தது: நிலத்தின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தொலைவையும் கணக்கில் சேர்த்தால், காட்டின் பரப்பு கூடுதலாக விளக்குவது மிகச் சிறிது என்றனர் மறுத்தோர். மறுப்பில் வலு உண்டு. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் கடலுக்குத் தொலைவிலும் இருக்கும். காத்தது காடா, தொலைவா என்பதை 18 ஊர்க் கணக்கு தனியே பிரித்துக் காட்டாது. ஆயினும் பேரலை வடிந்த சில மாதங்களில் இக்கேள்வியை எழுப்ப முடிந்தது, அந்த ஊர்களையும் காட்டையும் நெடுநாளாக அறிந்தவர்கள் அங்கேயே இருந்ததால்தான்.

இம்மரபின் குறை பட்டப்படிப்பின் கால அளவில் இருக்கிறது. ஓர் ஆய்வேடு ஓரிரு ஆண்டு மாதிரிகளோடு முடிகிறது. அடுத்த மாணவர் வேறு உயிரியை, சில வேளை வேறு கண்ணளவுள்ள வலையை எடுத்துக்கொள்கிறார். கடல் வெப்பமாகிவரும் இன்று நமக்குத் தேவை அறுபது ஆண்டின் தொடர்ச்சி. அதற்கான உப்பளவு, வெப்பநிலை, மிதவை உயிரி எண்ணிக்கைகள் பழைய ஆய்வேடுகளின் பிற்சேர்க்கை அட்டவணைகளில் உள்ளன. மாதிரி எடுத்த இடம், ஓதத்தின் நிலை, வலையின் கண்ணளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு அட்டவணையோடும் சேர்த்துப் பதிந்து அவற்றை ஒரே தொடராகக் கோப்பது ஒரு முனைவர் பட்டத்துக்கே தகுந்த பொருள். புதிய மாதிரி எடுப்பதற்கு நிகரான மதிப்பை வழிகாட்டிகள் அதற்குத் தர வேண்டும்.