பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களா? வீட்டு வாசலிலேயே விற்பனை நடத்தலாம்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதுதான் அலமாரியில் பாதி இடத்தைப் பிடித்திருப்பது எது என்று தெரியும். மூன்று மாதம் மட்டுமே போட்ட சட்டைகள், சக்கரம் இன்னும் நன்றாக ஓடும் தள்ளுவண்டி, கால் வளர்ந்ததால் ஓரங்கட்டிய காலணி, பாலர் பள்ளிக்குப் போன பிறகு யாரும் தொடாத விளையாட்டுச் சாமான். தூக்கிப் போட மனம் வராது. வைத்துக்கொள்ள இடமும் இருக்காது. அதே தாமானில் இன்னொரு வீட்டில், அதே பொருளைப் புதிதாக வாங்க முடியுமா என்று ஒரு தாய் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு வீடுகளையும் இணைப்பதுதான் வாசல் விற்பனை. ஆனால் நம்மவர்களில் பலருக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. "பழசை விற்றுத்தான் பிழைக்க வேண்டுமா?" என்று விற்பவர் தயங்குகிறார். "அடுத்த வீட்டுப் பிள்ளை போட்டதையா வாங்குவது?" என்று வாங்குபவர் தயங்குகிறார். பிறந்த குழந்தைக்குப் பழகி மெதுவான பழந்துணியை முதலில் உடுத்துவது நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கம் என்பதை இருவரும் மறந்துவிடுகிறார்கள்.

இலவசமாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். உறவுக்குள் அது சரி. அவ்வளவாகப் பழக்கமில்லாத பக்கத்து வீட்டாருக்கு இனாமாகக் கொடுத்தால், வாங்குபவர் மனத்தில் ஒரு கடன் தங்கிவிடும். 2 வெள்ளி கொடுத்து வாங்கினால் அது அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்த பொருள். சிறிய விலை அவருடைய மரியாதையைக் காக்கிறது. அந்த விலைக்கு ஈடாக விற்பவர் ஒரே ஓர் உறுதியைத் தர வேண்டும்: இந்தப் பொருளை என் பிள்ளைக்கு இன்றும் தயங்காமல் கொடுப்பேன்.

எப்போது, எங்கே?

பள்ளித் தவணை 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டதால், டிசம்பர் விடுமுறையே சீருடைக்கும் புத்தகப் பைக்கும் நல்ல காலம். தீபாவளிச் சுத்தத்தின்போது பொருள்களைப் பிரித்து எடுத்து வைத்து, டிசம்பரில் விற்பனை வைத்தால் அவசரம் இருக்காது. வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். ஆகவே அதற்குப் பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலும் பட்டணத்திலும் பொருத்தமான நாள். காலை 8 மணிக்குத் தொடங்கி 11.30க்குள் முடித்துவிட்டால் வெயிலுக்கும் பிற்பகல் மழைக்கும் தப்பிக்கலாம். கோவில் திருவிழா நாளைத் தவிர்க்க வேண்டும்.

தரைவீட்டுக்காரர்கள் தங்கள் கார் நிறுத்தும் இடத்திலேயே பொருள்களைப் பரப்பலாம். சாலையோரம், நடைபாதை, பொதுத் திடல் என்றால் முன்கூட்டியே நகராண்மைக் கழகத்தில் கேட்பது அவசியம். அடுக்குமாடியில் நடைவழியும் கீழ்த்தளமும் எல்லாருக்கும் பொதுவானவை என்பதால் நிர்வாகக் குழுவின் சம்மதம் வேண்டும். தோட்டத்தில் மண்டபத்தைப் பயன்படுத்த நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். சாப்பாடு விற்பது தனி உரிமம் தொடர்பான விஷயம். நாசி லெமாக் பொட்டலத்தை இதோடு சேர்க்காமல் இருப்பதே நல்லது.

ஒரே வீடாக நடத்துவதைவிட நான்கைந்து வீடுகள் சேர்ந்து நடத்தினால் கூட்டம் கூடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிற ஒட்டி. விற்றதும் ஒட்டியை உரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் தொகையை எழுதினால் மாலையில் கணக்கில் சண்டை வராது.

விற்கவே கூடாதவை

பணம் வருகிறதே என்று எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட முடியாது. பழைய பொருளால் ஆபத்து வந்தால், அது இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு வரும்.

கார் இருக்கை: தனியார் கார்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதனால் பழைய இருக்கைக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். விபத்தில் சிக்கியது, காலாவதித் தேதி தாண்டியது, ஆர்44 அல்லது ஆர்129 தர முத்திரை இல்லாதது, வார் அறுந்தது ஆகியவற்றை விற்கக் கூடாது. விற்கத் தகுந்ததாக இருந்தால் அதன் வரலாற்றை மறைக்காமல் சொல்லி, பயன்படுத்தும் கையேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சக்கர நடைவண்டி: குழந்தை அதில் உட்கார்ந்தபடி நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்படிக்கோ போய்விடும். கனடா 2004இல் இதன் விற்பனையைத் தடை செய்தது. வீட்டு வாசலில் பழையதை விற்பதற்கும் அந்தத் தடை பொருந்தும். நம் நாட்டில் கடைகளில் கிடைக்கிறது என்பதற்காக நாமும் விற்க வேண்டியதில்லை.

கட்டில்: ஒரு பக்கம் கீழே இறங்கும் வகைக் கட்டிலை அமெரிக்கா 2011 ஜூன் முதல் தயாரிக்கவும் விற்கவும் தடை செய்துள்ளது. மற்றக் கட்டில்களிலும் கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாதாரண குளிர்பான டின் கம்பிகளுக்கு இடையே நுழைந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தாலும் வேண்டாம்.

ஸ்பிரிங் தொட்டில்: நம் வீடுகளில் இது இல்லாத பிள்ளைப் பருவமே இல்லை. ஆனால் பல ஆண்டுகள் ஆடிய ஸ்பிரிங்கும் கொக்கியும் தேய்ந்திருக்கும். இரும்புச் சட்டம் உறுதியாக இருந்தால் அதை மட்டும் விற்று, "ஸ்பிரிங்கும் கொக்கியும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவதே முறை.

சிறு பொருள்கள்: பால் புட்டியின் ரப்பர், சூப்பான், திறந்த பால் மாவு டின், பூஞ்சை பிடித்த மெத்தை, விழுந்து அடிபட்ட சைக்கிள் தலைக்கவசம் எல்லாம் குப்பைக்கே. பொத்தான் வடிவ பேட்டரி உள்ள விளையாட்டுச் சாமானில் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கான பெட்டியில் போடக் கூடாது.

பாச்சை உருண்டை வைத்த துணி

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் கலந்த பாச்சை உருண்டையின் வாடையே ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம்.

அலமாரியில் பாச்சை உருண்டையோடு பல ஆண்டு கிடந்த கைக்குழந்தைத் துணியை எவ்வளவு துவைத்தாலும் வாடை முழுதாகப் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. அதைக் கைக்குழந்தைக்கென்று விற்காமல் ஒதுக்கிவிடுவது நல்லது. இனிமேல் எடுத்து வைக்கும் துணிக்கு, நன்றாகக் காய்ந்த பின் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே போதும்.

துணியும் சீருடையும்

துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்ட துணிதான் விற்கும். பொத்தான் இல்லையென்றால் தைத்துவிட வேண்டும். கழுத்துப் பகுதியில் கயிறு இருந்தால் உருவிவிட வேண்டும். வயது எழுதிய சீட்டை மட்டும் நம்ப முடியாது. ஒரே ஆறு வயதில் ஒரு பிள்ளை ஒல்லியாக இருக்கும், இன்னொன்று பருமனாக இருக்கும். இடுப்பளவையும் நீளத்தையும் அங்குலத்தில் எழுதி ஊசியால் குத்தி வைத்தால் வாங்குபவர் தடுமாற மாட்டார்.

சீருடைக்குத்தான் அதிகம் பேர் வருவார்கள். தொடக்கப்பள்ளியின் கருநீலமும், இடைநிலைப்பள்ளி மாணவியரின் வெளிர் நீலமும், மாணவர்களின் பச்சைக் கால்சட்டையும் தனித்தனியே அடுக்கப்பட வேண்டும். பெயர்ப் பட்டையையும் பள்ளிச் சின்னத்தையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். வெள்ளைக் காலணியை வைக்க வேண்டாம். 2021 முதல் அரசுப் பள்ளிகளில் கறுப்புக் காலணிதான். அரசாங்கம் இரவல் தரும் பாடநூல்கள் பள்ளிக்குத் திருப்பித் தரவேண்டியவை, விற்பனைக்குரியவை அல்ல. சொந்தப் பணத்தில் வாங்கிய பயிற்சி நூல்களில் பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துவிட்டு வைக்கலாம்.

விலை

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு விலை வைப்பது. அந்தப் பணம் பிள்ளை பயன்படுத்தியபோதே கழிந்துவிட்டது. அன்றாடத் துணிக்கு 1 முதல் 3 வெள்ளி, நல்ல நிலையில் உள்ள சீருடைக்கு 5 வெள்ளி, தள்ளுவண்டி போன்ற பெரிய பொருளுக்குப் புதிய விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை கேட்கவே வெட்கப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

"கொஞ்சம் குறைங்க அக்கா" என்றும் "போலே கூராங், காக்?" என்றும் கேட்பார்கள். 50 காசு, 1 வெள்ளி குறைக்கத் தயாராகவே இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் தமிழோடு "ஜுவாலான் பாராங் தெர்பாக்காய்" என்றும் எழுதினால் மலாய், சீன அண்டை வீட்டாரும் வருவார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே புலனக் குழுவில் படங்களோடு தெரிவித்து, முதல் நாள் மாலையில் மீண்டும் நினைவூட்டலாம்.

அன்றைய காலை

சில்லறை இல்லாமல் பல விற்பனை கைநழுவும். ஒரு வெள்ளித் தாள் 20, ஐந்து வெள்ளித் தாள் 4, பத்து வெள்ளித் தாள் 1 என 50 வெள்ளியை மாற்றி இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம். கியூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒட்டினால் கைப்பேசியில் கட்டுபவர்களுக்கு வசதி. பணம் வந்துவிட்டதா என்பதைத் தம் கைப்பேசியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வாங்குபவர் காட்டும் திரைப்படத்தை மட்டும் நம்பக் கூடாது.

துணியைத் தரையில் குவிக்காமல் கம்பியில் தொங்கவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும். வாங்க வருபவர் குனிந்து கிளற வேண்டியதும் இல்லை. பேட்டரி சாமான்களை அங்கேயே போட்டுக் காட்ட வேண்டும். அறிமுகமில்லாதவர்களும் வருவார்கள் என்பதால் வீட்டுக் கதவு பூட்டியிருக்கட்டும்.

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை அவர்களைக் கேட்காமல் விற்கக் கூடாது. எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே பிரிக்கட்டும். தம் சாமானைத் தாமே விற்று, அந்தக் காசில் ஒரு பங்கைச் சேமிப்பில் போடும் பிள்ளைக்குப் பணத்தின் அருமை அன்று கொஞ்சம் புரியும்.

மீந்தவை

கடைசி ஒரு மணி நேரத்தில் பாதி விலை. அதன் பிறகு "ஒரு பை நிறைய 5 வெள்ளி." அதற்கும் மேல் மீந்தால் பாலர் பள்ளி, குழந்தைகள் இல்லம், துணி மறுசுழற்சிப் பெட்டி என வழி இருக்கிறது. இல்லங்களுக்குக் கொண்டுபோகும் முன் எந்த அளவு, என்ன பொருள் தேவை என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்க முடியாத அளவுக்குக் கிழிந்தது அங்கே இருக்கும் பிள்ளைக்கும் கிழிந்ததுதான்.

எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்க வேண்டும் என்பதில்லை. முதல் சட்டை ஒன்று, தொட்டில் கட்டிய புடவை ஒன்று என வைத்துக்கொள்ள வேண்டியவை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அவற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு விலை எழுத உட்கார வேண்டும்.