கொழும்புத்துறைக் கரையில் மீன் விலை

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு எல்லையிற் பரவைக்கடலை அடுத்துக் கிடப்பது கொழும்புத்துறை. முன்னாளிற் பூநகரிக்குத் தோணி செல்லுந் துறையாக விளங்கிய இவ்வூரின் கரையிலும், அயலிலுள்ள பாசையூர், குருநகர்க் கரைகளிலும் மீன் கூறி விற்கப்படுவதைக் காண்போர், கடலே விலையை வகுக்கின்றதென எண்ணுவர். மீன் மிகுந்த நாளில் விலை தாழ்தலும் அருகிய நாளில் உயர்தலும் கண்கூடு. ஆயினும், ஒரே அளவு மீன் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விலை பெற்றமைக்குக் காரணம் கடலில் மட்டும் இல்லை. மீன் எவ்வளவு நேரம் கெடாது காத்திருக்கும், அதனை விற்பவன் எவ்வளவு காலம் காத்திருக்க வல்லன் என்னும் இரண்டுமே விலையின் வரலாற்றைப் பெரிதும் நடத்தி வந்துள்ளன.

நெல் குதிரிற் கிடக்கும். புகையிலை சிப்பத்திற் கிடக்கும். பச்சை மீனோ உச்சிப்பொழுதைக் கடவாது. பனிக்கட்டி வழங்காத காலத்தில், தலைச்சுமையாகச் சென்றடையக்கூடிய சந்தைகளே அதன் உலகமாயிருந்தன. எஞ்சிய மீன் உப்பிடப்பட்டுக் கருவாடாயிற்று. கருவாட்டின் விலையே பச்சை மீன் விலைக்கு அடித்தளம் எனலாம். அதனினும் கீழே கேட்பாராயின், விற்பதிலும் உப்பிடுதல் நன்றன்றோ? ஒல்லாந்தர் ஆட்சியில் மீன்வரி வாங்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டமையால், கரையிற் பெற்ற விலை முழுவதும் வலைகாரனைச் சேரவுமில்லை.

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்பு வரை தொடர்புற்றது. பின்னர்ப் பனிக்கட்டியும் பெருகவே, இறாலும் நண்டும் தலைநகரை அடைந்தன. அன்று தொட்டு இவற்றின் கரைவிலை, கொழும்பு விலையிலிருந்து பனிக்கட்டி, பெட்டி, ஏற்றுகூலி, வியாபாரியின் ஊதியம் ஆகியன கழிந்த மிச்சமாயிற்று. ஓரா, திரளி, ஒட்டி முதலியவற்றின் விலையை மட்டும் யாழ்ப்பாணத்து அடுக்களையே தீர்த்து வந்தது. நல்லூர்க் கந்தன் திருவிழா நடைபெறும் 25 நாளும், கந்தசட்டி ஆறு நாளும், வெள்ளிதோறும் சைவர் வீடுகளில் மீன் இல்லை. வெள்ளியில் இறைச்சி நீக்கும் கத்தோலிக்கரோ மீனை நாடுவர். ஆகவே, பஞ்சாங்கமும் ஒரு வியாபாரியே.

இனி, விற்பவனின் காத்திருப்பைக் கருதுவோம். தோணிக்கும் வலைக்கும் முற்பணம் பெற்றவன், தந்தவனுக்கே மீனைக் கொடுத்தல் வேண்டும். விலை அவன் சொன்னதே. கரையிற் பலர் கூடிக் கேட்பினும் இவனுக்குப் பயனில்லை. 1941 இல் மீன்பிடித் திணைக்களமும், தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும், 1964 இல் இலங்கை மீன்பிடிக் கூட்டுத்தாபனமும் தோன்றியமைக்கு இத்தளையை நெகிழ்த்தும் நோக்கமும் ஒரு காரணமாகும். சங்கத்தின் மேற்பார்வையில் மீன் கூறப்படும்போது, வாங்குவோர் ஒருவரோடொருவர் போட்டியிட நேர்கின்றது. ஆனால், அதே காலத்தில் வந்த நைலோன் வலையும் இயந்திரமும் மீன்பிடியைப் பெருக்கியதோடு கடனையும் பெருக்கின.

1990 இல் போர் மூண்டு புகையிரதம் நின்றது. கடலிற் செல்லத் தடைகளும் எரிபொருள் முடையும் சேர்ந்தன. அரிதாகக் கிடைத்த மீனுக்கு ஊரிற் கடும் விலை. தலைநகரை நோக்கியிருந்த இறாலுக்கும் நண்டுக்கும் வழியில்லை. 2002 இற் கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வீதியின் வாயில் திறந்து மூடுந்தோறும் இவற்றின் விலையும் ஏறி இறங்கிற்று.

போர் முடிந்த 2009 இன் பின் நீலக்கால் நண்டு பதப்படுத்தப்பட்டு அமெரிக்காவுக்குச் செல்லலாயிற்று. 2020 இல் நோய்த்தொற்றினால் ஏற்றுமதி தடைப்படவே, பரவைக்கடலில் நண்டு குறையாதிருந்தும் விலை வீழ்ந்தது.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. எரிபொருட் செலவு ஏறக்குறைய நான்கு மடங்காயினும், கரையில் நின்று விலை கேட்போன் தொழிலாளியின் செலவைக் கேட்பதில்லை. செலவு தாங்காது கரையேறிக் கிடந்த படகுகளே, மீனை அருகச் செய்து விலையை உயர்த்தின. அவ்விலையின் முழுப்பயனையும் பெறத்தக்கவர், இயந்திரமின்றி ஆழமில்லாத நீரிற் கோலூன்றிச் சென்று களங்கண்ணி வலை பார்த்து வந்தவர்களே.