ஆயாவின் தாலியும் பினாங்குக் காதலும்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை நான் முதலில் படித்தது சேலத்தில், மாணவர் விடுதியில், பரீட்சைக்கு முந்தின வாரம். அப்போது அது எனக்கு ஒரு காதல் கதை. ரெண்டாவது தடவை படித்தது எங்கள் ஆயா செத்த பிறகு. அப்போது அது வேறு புத்தகமாக இருந்தது.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் கப்பலேறி சுமத்ராவின் மைடான் நகரத்துக்குப் போனார். போரையும் ஜப்பான்காரன் ஆட்சியையும் பார்த்துவிட்டு 1946இல் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். எழுதியது ரெண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது, 'புயலிலே ஒரு தோணி' 1972இல். 1997இல் செத்துப்போனார். சீனன், மலாய்க்காரன், டச்சுக்காரன், செட்டி, ராவுத்தர் எல்லாரும் ஒரே தெருவில் உரசிக்கொண்டு நடக்கிற நகரத்தைத் தமிழில் இவ்வளவு உயிரோடு வேறு யார் எழுதினார்கள்? இதை நான் மனசார ஒத்துக்கொள்கிறேன்.

பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்க்கிறவன் செல்லையா. முதலாளி மகள் மரகதம் மேல் அவனுக்குக் காதல், அவளுக்கும்தான். இடையில் போர் வருகிறது, அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்குகிறான். திரும்பி வந்தவனை முதலாளி பார்க்கிற பார்வை மாறிவிட்டது. துப்பாக்கி பிடித்த கை வட்டித் தொழிலுக்கு ஆகாது என்று பெண்ணை வேறொருத்தனுக்குக் கொடுக்கிறார். நான் யார், கடைப்பையனா, சிப்பாயா என்று செல்லையா தவிக்கிற தவிப்புதான் நாவல்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

ராசிபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். தாத்தா 1936இல் கங்காணி ஒருத்தனோடு போனார். அப்பாவுக்கு அப்போது ஒரு வயசு. மழை கிடையாது, பண்ணையத்தில் வாங்கின கடன் தலைக்கு மேல். "மூணு வருசம், கடன அடச்சுட்டு வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு கண்ணு" என்பாள் ஆயா. அவர் மட்டுமா போனார்? மலேயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்பிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, ஆற்காடு மாவட்டங்களோடு சேலமும் முக்கியமானது. நாகப்பட்டினம், சென்னை முகாம்களில் அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். போனவர்களில் நிறையப் பேர் தாழ்த்தப்பட்ட மக்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் நம் சனம் பால்மரக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாதி கரையில் நிற்கவில்லை, அதுவும் கப்பலேறியது. பல தோட்டங்களில் நம் ஆட்களுக்குத் தனி லயம். 1929 கடைசியில் பெரியார் பினாங்கில் இறங்கியபோது அவர் பேசுவதற்கு அங்கே வேலை இருந்தது என்றால் காரணம் அதுதான்.

செல்லையாவுக்குப் பினாங்கு ஒரு நகரம். தெரு, ஓட்டல், நண்பர்கள், மாலை நேரம், மனசுக்குள் ஒரு பெண். தாத்தாவுக்கு அது ஒரு கப்பல்துறை. இறங்கி, வரிசையில் நின்று, லாரி ஏறிப் போகிற இடம். 'நான் யார்' என்று கேட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருந்திருக்குமா? அவர் யாரென்று கங்காணிக்கு முன்கூட்டியே தெரியும். நாவலின் கண் வட்டிக்கடைத் திண்ணையிலிருந்து பார்க்கிற கண். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சிங்காரம் தான் இருந்த இடத்திலிருந்து நேர்மையாகப் பார்த்தார். பால்மரத்தடியிலிருந்து பார்த்தவனுக்கு எழுத்து கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆயாவுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் தோட்டத்துக் கிராணி கையெழுத்து. ஊரில் அதைப் படித்துச் சொல்ல ஆயா போய் நின்றது ஒரு கவுண்டர் வீட்டு வாசலில், வெளியே. புருசன் பெண்டாட்டிக்கு எழுதின சேதி ரெண்டு அந்நியர் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதில் ஆசையாக ஒரு வார்த்தை இருந்திருந்தாலும் அந்த ஆள் படித்திருப்பானா? "நல்லாருக்கேன்னு எழுதிருக்கான், போ" என்பாராம். காதல் நமக்கும் உண்டு. நம் காதலைத் தணிக்கை பண்ண ஊரே இருந்தது.

1942க்குப் பிறகு கடிதம் இல்லை. ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். 1943இல் முடிந்தது. தோட்டத்துத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏழாயிரம் அளவில் கல்லறைகள் வரிசையாக, பேரோடு இருக்கின்றன. 1957இல் அந்தப் பாதையின் பாலத்தை வைத்து இங்கிலீஷ் படமே எடுத்து உலகமெல்லாம் ஓட்டினார்கள். தண்டவாளத்தடியில் கிடக்கிற ராசிபுரத்துக்காரனுக்குப் பேரோடு ஒரு கல்லறை கிடையாது.

தாத்தா ரயிலுக்குப் போனாரா, நேதாஜி படையில் சேர்ந்தாரா, அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டாரா? தோட்டத்துத் தமிழர்கள் நிறையப் பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே சமையல். ஒருவேளை தாத்தாவும் செல்லையாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். நாவல் எனக்குக் கொடுத்தது அந்த ஒரு பந்தி.

ஆயா தாலியைக் கழற்றவில்லை. செத்த சேதி வரவில்லையே, எதற்குக் கழற்ற வேண்டும்? நாற்பத்தெட்டு வருசம் மஞ்சள் தேய்த்துக் குளித்தாள். நல்லது கெட்டதுக்குப் போனால் முன்னால் விடுவதா பின்னால் நிறுத்துவதா என்று யாருக்கும் தெரியாது. அவளே ஓரமாக உட்கார்ந்துகொள்வாள்.

1984இல் செத்தபோது வாசலில் அதே சண்டை. முண்டச்சியாக எடுப்பதா, சுமங்கலியாக எடுப்பதா? பெரியவர் ஒருத்தர், "அவன் உசுரோட இருந்தா எழுபது தாண்டிருக்கும், எங்கடா இருக்கப் போறான்" என்றார். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கைக்குழந்தையாக அப்பனை அனுப்பி வைத்தவர் அவர், முகமே தெரியாது. அப்புறம் எழுந்து பூக்கடைக்கு ஆள் அனுப்பினார்.

மஞ்சள் பூசி, பூ வைத்து, தாலியோடுதான் எடுத்தோம்.