கவரில் சிரிப்பவர்தான் பாடினாரா?

அமெரிக்காவில் ஜாக்கி கிளீசன் என்று ஒரு நகைச்சுவை நடிகர் இருந்தார். தொலைக்காட்சியில் பஸ் சாரதி வேடத்தில் வந்து மனைவியோடு சண்டை பிடிப்பார். நல்ல பருமனான ஆள், குரலும் பெரிசு. 1952இல் அவருடைய பெயரில் ஓர் இசைத்தட்டு வந்தது. பெயர் 'மியூசிக் ஃபார் லவ்வர்ஸ் ஒன்லி'. ஊரறிந்த பழைய காதல் பாட்டுகளின் மெட்டுகளைப் பொறுக்கி, வயலின்களோடு மெதுவாக வாசித்த தட்டு அது.

கிளீசன் அதில் பாடவில்லை. எந்த வாத்தியத்தையும் தொடவுமில்லை. இசைக்குறிப்பு எழுதவோ வாசிக்கவோ அவருக்குத் தெரியாது. தட்டு முழுக்க உருக்கமாக ஊதியவர் பொபி ஹாக்கெட் என்ற கலைஞர். ஆனால் பெரிய எழுத்தில் கிளீசனின் பெயர்தான் இருந்தது. அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் 153 கிழமைகள் நின்றது. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு! பிற்காலத்தில் ஹாக்கெட்டிடம் ஒருவர், ஒலிப்பதிவு நேரத்தில் கிளீசன் உண்மையில் என்னதான் செய்தார் என்று கேட்டாராம். காசோலைகளைக் கொண்டுவந்தார் என்று பதில் வந்ததாம்.

கிளீசனுக்கும் நியாயமாகப் பேச வேண்டும். சினிமாவில் காதல் காட்சி வந்தால் பின்னால் வயலின் வாசிக்கிறது, வீட்டில் இருக்கும் சாதாரண மனிசனுக்கு யார் வாசிப்பது என்று யோசித்தவர் அவர்தான். யோசனை அவருடையது, மூச்சு ஹாக்கெட்டுடையது. சந்தைக்குப் போனபோது யோசனைக்குத்தான் விலை கிடைத்தது.

அடுத்தவர் கனடாவின் வினிபெக் நகரத்து பிலிப் கீவ்ஸ். இவர் இசைக்காரரே இல்லை, சட்டி வியாபாரி. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒட்டாத பொரிக்கும் சட்டியைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் வாய் ஓயாமல் புகழ்ந்து விற்றுப் பணம் பார்த்தவர். சட்டியை இப்படி விற்கலாம் என்றால் பாட்டை ஏன் விற்க முடியாது? 1966இல் 25 நாட்டுப்புறப் பாட்டுகளை ஒரே தட்டில் அடைத்து, அதே மாதிரி விளம்பரம் போட்டு விற்றார். கே-டெல் என்ற அந்தக் கம்பனியின் பெயர் பிறகு பல நாடுகளுக்கும் போனது.

இதில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியோடு இருபது சொச்சம் நிமிடம்தான் கொள்ளும். பாட்டுகளைக் கூட்டினால் ஊசி ஓடும் வரிகளை நெருக்கிப் போட வேண்டும். வரி நெருங்கினால் சத்தமும் குறையும், அடிநாதமும் மெலியும். அதுவும் போதாவிட்டால் பாட்டையே வெட்ட வேண்டியதுதான். ஒரு பல்லவியைக் காணோம், நடுவில் வரும் வாத்தியத்தைக் காணோம், கடைசியில் குரல் அவசர அவசரமாக மங்கிப் போகிறது. பாடகர் ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுபோல. அப்படியும் சனம் வாங்கியது. ஒரு தட்டின் விலையில் இருபது பாட்டு என்றால் யார்தான் விடுவார்?

கே-டெல் தட்டுகளில் "அசல் பாட்டு, அசல் பாடகர்கள்" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். காரணம், அசல் இல்லாத தட்டுகளும் சக்கைபோடு போட்டன. இங்கிலாந்தில் 1968இல் 'டொப் ஒஃப் த பொப்ஸ்' என்று ஒரு மலிவுத் தட்டு வரிசை தொடங்கியது. அந்த நேரத்துப் பிரபலப் பாட்டுகளை, பேர் போடாத கூலிப் பாடகர்களை வைத்து அச்சு அசலாகப் பாடவைத்து விற்றார்கள். 1971இல் அவற்றில் இரண்டு, விற்பனையில் முதலிடத்துக்கே போயின. இப்படியான போலித் தட்டுகளுக்குப் பெயரில்லாமல் பாடியவர்களில் ஒருவர், அப்போது யாருக்கும் தெரியாத எல்டன் ஜோன். பின்னாளில் உலகமே அறிந்தவர், ஒருகாலத்தில் இன்னொருவரின் நிழலாகக் கூலிக்குப் பாடியிருக்கிறார்.

இந்த வரிசையில் மிகப் பெரிய நட்சத்திரம் மனிதரே இல்லை. 1983 நவம்பர் 28இல், 30 பாட்டுகளோடு இரட்டைத் தட்டாக வெளிவந்தது 'நவ் தட்ஸ் வட் ஐ கோல் மியூசிக்'. பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? டென்மார்க்கின் பன்றி இறைச்சி விளம்பரம் ஒன்றிலிருந்து. ஒரு கோழி பாட, ஒரு பன்றி சொக்கிப்போய்க் கேட்டு, இதைத்தான் நான் இசை என்பேன் என்று சொல்லும் பழைய சுவரொட்டி அது. வேர்ஜின் கம்பனியின் ரிச்சர்ட் பிரான்சன் அதை வாங்கி, காலையில் முட்டை சாப்பிடும்வரை சிடுசிடுவென்று இருக்கும் தன் உறவினர் சைமன் ட்ரேப்பருக்கு, மேசைக்குப் பின்னால் மாட்டிவைக்கப் பரிசாகக் கொடுத்தார். அங்கே தொங்கிய வாசகமே தட்டுக்குத் தலைப்பானது. கொஞ்ச நாளில் அந்தப் பன்றி கவரிலும் ஏறிக்கொண்டது. எங்கள் ஊரில் எந்த உம்மாவும் அதை அலுமாரிக்குள் வைக்க விட்டிருக்க மாட்டார்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கவரில் இருந்த பிரபலங்களுக்குள் நேர்மையானது அந்தப் பன்றிதான். தான் பாடியதாக அது ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை, கேட்டு ரசித்தது மட்டும்தான்.

பிறகு கோப்பிக் கடையும் வந்து சேர்ந்தது. 1999இல் ஸ்டார்பக்ஸ் 'ஹியர் மியூசிக்' என்ற கம்பனியை வாங்கியது. பிரபல கலைஞர்கள் தமக்குப் பிடித்த மற்றவர்களின் பாட்டுகளைத் தெரிவுசெய்யும் ஒரு சீடி வரிசையைக் கோப்பியோடு சேர்த்து விற்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் ஜோனி மிட்செலும் அப்படித் தெரிவு செய்திருக்கிறார்கள். கோப்பிக்கு நின்ற இடத்தில் இசை ஞானத்தையும் வாங்கிப் போகலாம். கேலி ஒருபுறம் இருக்க, ஒரு கலைஞர் இன்னொருவரின் பாட்டைக் காட்டி இதைக் கேளுங்கள் என்று சொல்வதில் எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சரி, வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரித்தது போதும். எங்கள் பக்கம் வருவோம். 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' என்ற கசட் ஓடாத தேநீர்க் கடை எந்த ஊரில் இருந்தது? கண்டியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அவரில் ஒரு தனி உரிமையும் உண்டு. ஆனால் அந்தத் தத்துவங்களில் பலவற்றை எழுதியவர்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன், வாலி. பெரும்பாலானவற்றைப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். பட்டுக்கோட்டையார் 1959இல், 29 வயதில் இறந்துபோனார். முந்திய வருடம் 'நாடோடி மன்னன்' படத்தில் வந்த அவருடைய பாட்டை இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் மேடையில் பாடுகிறார்கள். யார் எழுதியது என்று கேட்டால் "எம்.ஜி.ஆர். சேர்" என்று பதில் வருகிறது. இன்னொரு வேடிக்கை, அதே டி.எம்.எஸ். சிவாஜிக்கும் பாடினார். இரண்டு ரசிகர் கூட்டமும் இரண்டு கசட்டோடு மோதிக்கொண்டன. இரண்டிலும் ஒரே தொண்டைதான்!

பாட்டுப் பதியும் கடைகளில் துண்டில் எழுதிக் கொடுத்துப் பதிந்தெடுத்த கசட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் அட்டையில் குமிழ்முனைப் பேனாவால் பாட்டின் முதல் இரண்டு சொல் மட்டும் இருக்கும். ஏ பக்கம், பி பக்கம், அவ்வளவுதான். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்த அட்டையில் இடமில்லை.

நாகூர் ஹனிபாவின் கசட் இதிலிருந்து வேறு. கவரில் இருப்பவரும் அவர்தான், பாடுபவரும் அவர்தான். நோன்பு காலத்தில் அந்தக் குரல் கேட்காத தெரு எங்களிடம் இல்லை. ஆனால் அவர் பாடியவற்றை எழுதிய புலவர்களில் மூன்று பேரின் பெயரை யோசிக்காமல் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் இருப்போம்? அந்தச் சொற்களை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

ஆகவே ஒரு வேலை தருகிறோம். வீட்டில் வாப்பாவின் பழைய கசட் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். நாடா பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே மடித்து வைத்த அட்டை வேண்டும். அதில் 'பாடல்', 'இசை' என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைத் தெளிவாகப் படம் பிடித்துக் கீழே போடுங்கள். ஆண்டு 10 பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு கொப்பியில் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது.